விலாசம் கேட்டுப் பெறும் இயந்திரங்கள்

பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்திற்குச் சென்று குடியேறுபவர் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. தாம் தங்கும் வீட்டின் இலக்கம் யாது? அக்குடியிருப்பின் எல்லை எதுவரை? எல்லைக்கு வெளியே செல்லும் வாயில் எப்பக்கம்? இன்னார் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தால் பிழையின்றிச் சொல்லக்கூடியவர் யார்? இந்நான்கும் தெரிந்துவிட்டால், மொழி புரியாத ஊரிலும் ஒருவாறு காலந்தள்ளிவிடலாம். இவற்றுள் ஒன்று தவறினாலும் அலைச்சல்தான்.

நேயர்களே, வலையமைப்பில் புதிதாகச் சேரும் கணினிக்கும் இதே நான்கு செய்திகள் வேண்டும். அதன் எண்விலாசம் ஒன்று; அதன் வட்டாரத்தின் எல்லையைக் காட்டும் அளவு ஒன்று; வெளியுலகிற்குச் செல்லும் வாயிலின் விலாசம் ஒன்று; பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் பெயர்ப்பதிவு நிலையத்தின் விலாசம் ஒன்று. இவற்றோடு சரியான நேரம் காட்டும் கடிகாரம் எங்கே உள்ளது என்பதும் தெரிந்தால் நன்று. மனிதர் எவரும் தொடாமலேயே இவற்றை ஓர் இயந்திரம் தானே கேட்டுப் பெறுவது எங்ஙனம், அதிலும் ‘கிளவுட்’ எனப்படும் மேகக் கணினியத்தில் அது நிகழும் முறை யாது என்பதை இன்று ஆராய்வோம். நம்மவரில் பலர் பெங்களூர், ஹைதராபாத், புணே, குருகிராம் முதலிய ஊர்களில் இத்துறையிலேயே பணிபுரிகின்றனர். அவர்கள் வீட்டில் இருப்போர்க்கும் இப்பொருள் விளங்குதல் நலம்.

மேகம் என்ற பெயரைக் கேட்டு அது வானத்தில் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். அது தரையில் உறுதியாகக் கட்டப்பட்ட பெரிய கட்டடங்களில் இருக்கிறது. அமேசான் நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் மும்பையிலும், 2022-ஆம் ஆண்டில் ஹைதராபாத்திலும் இத்தகைய நிலையங்களைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டிலேயே புணே, மும்பை, சென்னை ஆகிய மூன்றிடங்களைத் தேர்ந்தது. கூகுள் நிறுவனம் 2017-இல் மும்பைக்கும், 2021-இல் டில்லிக்கும் வந்தது. இக்கட்டடங்களில் உள்ள ஒவ்வொரு பெரிய கணினியையும் மென்பொருளால் பல பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் தனிக் கணினியே போல இயங்கும்படி செய்து, வேண்டுவோர்க்கு வாடகைக்கு விடுகின்றனர். இதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். அவ்வாறே, ஒரே கம்பி வழியே செல்லும் பலருடைய செய்திகளைக் கலவாதபடி பிரித்து, ஒவ்வொருவர்க்கும் தனித் தெரு அமைத்துக் கொடுத்தது போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றனர். இது மெய்நிகர் வலை.

இத்தகைய கணினி ஒரு நிமிடத்திற்குள் பிறக்கிறது; வேலை முடிந்ததும் மறைகிறது. பண்டிகை நாளில் வியாபாரம் பெருகினால் பத்து இயந்திரங்கள் நூறாகின்றன. நள்ளிரவில் அவை மீண்டும் பத்தாகின்றன. ஒவ்வொன்றின் முன்பும் ஒரு குமாஸ்தா அமர்ந்து விலாசத்தைத் தட்டெழுதுவது இயலுமோ? இயலாது. ஆதலின், இயந்திரம் பிறந்த கணமே தன் விலாசத்தைத் தானே கேட்டுப் பெற்றாக வேண்டும்.

இவ்வேற்பாடு மேகத்திற்கு முற்பட்டது. தொடக்க காலத்தில் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு குறிப்பேடு இருக்கும். எந்தக் கணினிக்கு எந்த எண் என்று அதில் எழுதிவைப்பர். ஒரே எண்ணை இரண்டு கணினிகளுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் தடுமாறும். இத்துன்பத்தைக் குறைக்க 1984-ஆம் ஆண்டில் ஒரு நெறிமுறையும், 1985-ஆம் ஆண்டில் ‘பூட்பி’ என்னும் மற்றொரு நெறிமுறையும் வெளியாயின. பூட்பி முறையில் கணினி கேட்கும். தலைமைக் கணினி தன்னிடம் முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து விடை சொல்லும். ஆனால் அப்பட்டியலை மனிதர்தாம் எழுத வேண்டும். அக்குறையையும் நீக்கி, எண்களைக் கால அளவு வைத்து வழங்கித் திரும்பப் பெறும் வழியை வகுத்தது ‘டி.எச்.சி.பி.’ என்னும் நெறிமுறை. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய அதன் முதல் வரைவு 1993-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்றும் அடிப்படையாக நிற்கும் திருத்திய வடிவம் 1997-இல் வந்தது.

அந்நெறிமுறை நான்கு வாக்கியங்களில் முடிந்துவிடும் ஓர் உரையாடலேயாம். புதிய கணினிக்குத் தன் பெயரும் தெரியாது, யாரைக் கேட்பது என்பதும் தெரியாது. எனவே அது தன் விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0 என்று பூஜ்யங்களை இட்டு, பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்று எழுதித் தெருவெங்கும் கேட்கும்படி கூவுகிறது. “எனக்கு விலாசம் தருவார் யாரேனும் உளரோ?” என்பது அதன் பொருள். இது தேடல். விலாசம் வழங்கும் கணினி, “இன்ன எண்ணை உனக்குத் தர இயலும்” என்கிறது. இது அளிப்பு. “அவ்வெண்ணையே எனக்குத் தருக” என்று புதியது விண்ணப்பிக்கிறது. இது வேண்டல். “தந்தோம், இத்துணைக் காலத்திற்கு” என்று மறுமொழி வருகிறது. இது ஒப்புதல்.

அளித்ததை வாங்கிக்கொண்டு போகாமல் மூன்றாவதாக மீண்டும் ஒரு முறை வேண்டுவானேன் என்ற ஐயம் எழலாம். ஒரே தெருவில் விலாசம் வழங்குவோர் இருவர் இருத்தல் கூடும். இருவரும் ஆளுக்கோர் எண்ணை அளிக்கக் கூடும். தான் எதை ஏற்றது என்று புதிய கணினி எல்லோரும் கேட்கச் சொல்வதால், ஏற்கப்படாதவர் தம் எண்ணை மீட்டுக்கொண்டு வேறொருவர்க்குக் கொடுக்கலாம். நான்கு வாக்கியங்களுள் ஒன்றும் வீண் அன்று.

நான்காவது வாக்கியத்தில் வரும் கால அளவே இந்நெறிமுறையின் உயிர்நாடி. ஆங்கிலத்தில் இதனை ‘லீஸ்’ என்பர். இதற்குத் தமிழில் ஒரு சொல்லை ஆக்கவே வேண்டியதில்லை. குத்தகை என்பது கழனி உள்ள ஊரிலெல்லாம் வழங்கும் சொல். உரிமை முழுவதும் கைமாறுவதில்லை. அனுபவம் மட்டும் குறித்த காலத்திற்குக் கைமாறுகிறது. டில்லியில் அரசாங்கக் குடியிருப்பில் வாழ்ந்தோர்க்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். வீடு நம்முடையதன்று, பதவியில் உள்ளவரை ஒதுக்கப்பட்டது, நாம் விட்டகன்றால் அடுத்தவர்க்குச் செல்லும். கணினியும் தன் குத்தகைக் காலம் பாதி கழிந்ததும், முன்பு எண் வழங்கியவரிடமே சென்று புதுப்பித்துத் தரும்படி கேட்கிறது. அவர் விடை தராவிடில் எட்டில் ஏழு பங்கு காலம் கழியும்வரை பொறுத்து, பின்னர் விடை தரக்கூடிய எவரையும் கேட்கிறது. அப்போதும் விடையில்லாவிடின், காலம் முடிந்த கணமே அந்த எண்ணை விட்டுவிட வேண்டியது முறை. உடைமை இல்லாத இடத்தில் ஒழுங்கு நிலைப்பது இத்தகைய கெடுவினால்தான்.

இத்துணைச் சிக்கனம் எதற்காக? இன்று பெரிதும் வழங்கும் நான்காம் பதிப்பு விலாசங்கள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடியே உள்ளன. உலகளாவிய பொதுக் கையிருப்பின் கடைசிப் பகுதிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. ஆயினும் அவரவர் எல்லைக்குள் மட்டும் வழங்கிக்கொள்வதற்கென்று சில எண்களை 1994-ஆம் ஆண்டிலேயே ஒதுக்கி வைத்தனர். 10 என்று தொடங்கும் எண்கள் அத்தகையவை. அவை மட்டும் 1 கோடியே 67 லட்சத்திற்கு மேல். காந்தி தெரு என்ற பெயர் எல்லா ஊரிலும் இருப்பது போல, 10.0.1.25 என்ற எண் பல்லாயிரம் மெய்நிகர் வலைகளில் இருக்கலாம். ஒன்றை ஒன்று பாராதவரை குழப்பமில்லை.

இனி மேகத்திற்கு வருவோம். அங்கே மேற்சொன்ன உரையாடல் வெளித்தோற்றத்தில் மாறவில்லை. உட்பொருள் முற்றிலும் மாறிவிட்டது. அமேசான் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் தொடங்கிய மெய்நிகர் தனிவலையை உதாரணமாகக் கொள்வோம். அங்கே தெருவெங்கும் கேட்கக் கூவுதல் என்பதே இல்லை; வலை அதற்கு இடங்கொடுப்பதில்லை. புதிய கணினி வழக்கம்போல் கூவுகிறது. ஆனால் அக்கூவல் தெருவுக்குப் போகுமுன் மேக நிறுவனத்தின் மென்பொருளே அதை வாங்கி விடை தந்துவிடுகிறது. மேலும், அந்த விடையில் வரும் எண் அப்போது தேடி எடுத்ததன்று. கணினி பிறப்பதற்கு முன்பே, அதன் வலை இணைப்பை உருவாக்கும்போதே எண் முடிவாகிவிட்டது. அவ்விணைப்பு உள்ளவரை எத்தனை முறை கேட்டாலும் அதே எண்தான் கிடைக்கும். கேள்வி பழைய கேள்வி. விடை மட்டும் முன்னரே எழுதி உறையிலிட்டு வைத்தது.

அங்ஙனமாயின் கேள்வி எதற்கு, எண்ணை நாமே கணினிக்குள் எழுதிவிடலாமே எனின், அங்கேதான் பலர் இடறுகின்றனர். மேகத்தில் எந்தக் கணினி எந்தப் பெருங்கணினிக்குள் எந்த எண்ணோடு வாழ்கிறது என்ற பதிவேடு வலையின் கையில் இருக்கிறது. நாம் கணினிக்குள் மட்டும் வேறோர் எண்ணை எழுதினால் பதிவேடு அதை அறியாது. அந்த எண்ணிலிருந்து வெளிவரும் செய்தியை இயல்பான நிலையில் வலை கடத்தாமல் விட்டுவிடும். கதவில் நாமே ஒரு பலகையை மாட்டிக்கொண்டதனால் தபால்காரர் நம் வீட்டிற்கு வந்துவிடுவாரோ? தபால் நிலையத்தின் பதிவில் அல்லவா மாற்றம் வேண்டும்!

மற்றொரு செய்தியும் அறியத் தக்கது. அமேசான் வலையில் ஒவ்வோர் உட்பிரிவிலும் ஐந்து எண்கள் வாடிக்கையாளர்க்குக் கிடையா. முதல் எண் அவ்வுட்பிரிவின் பெயராக நிற்கிறது. இரண்டாவது வாயிலுக்கு உரியது. மூன்றாவது பெயர்ப்பதிவு நிலையத்திற்கென வைக்கப்பட்டது. நான்காவது எதிர்காலத் தேவைக்கு. கடைசி எண் பழைய மரபின்படி கூவலுக்கு உரியதாகையால் பயன்படாது. எனவே 256 எண்கள் உள்ள உட்பிரிவில் 251 கணினிகளே குடியேறலாம். 16 எண்கள் மட்டும் உள்ள மிகச் சிறிய உட்பிரிவிலோ 11 மட்டுமே. மைக்ரோசாஃப்டின் அஷ்யூரும் ஐந்தை ஒதுக்குகிறது. கூகுள் நான்கை ஒதுக்குகிறது. கணக்கு நெருக்கமாகப் போட்டு உட்பிரிவை அமைத்தவர்கள் பண்டிகைக் கூட்டம் வந்த நேரத்தில் எண் போதாமல் திகைப்பது இதனால்தான்.

எண்ணைத் தவிர ஏனைய செய்திகளை, அதாவது பெயர்ப்பதிவு நிலையம் எது, கடிகாரம் எது, வட்டாரப் பெயர் யாது என்பவற்றை, வாடிக்கையாளர் தாமே குறிக்கலாம். அமேசானில் இவற்றை ஒரு தொகுதியாக எழுதி வலையோடு இணைக்க வேண்டும். அத்தொகுதியை ஒருமுறை எழுதியபின் திருத்த இயலாது. வேறொன்று எழுதி, பழையதற்கு மாற்றாக இணைக்கலாம். இணைத்தவுடன் எல்லாக் கணினிகளும் அதை அறிந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் குத்தகையைப் புதுப்பிக்கும்போதுதான் புதுச் செய்தியைப் பெறுகிறது. அதற்குச் சில மணி நேரமும் ஆகலாம். எனவே பெயர்ப்பதிவு நிலையத்தை மாற்றுவோர் புதியதைத் தொடங்கிய உடனே பழையதை மூடிவிடலாகாது. வீடு மாறியவர் பழைய வீட்டிற்கு வரும் கடிதங்களைச் சில நாள் பெற்றுத்தர ஏற்பாடு செய்வதில்லையா? அத்தகைய முன்னெச்சரிக்கை இங்கும் வேண்டும்.

விலாசம் பெற்றபின் மேகக் கணினி இரண்டாவது உரையாடல் ஒன்றைத் தொடங்குகிறது. 169.254 என்று தொடங்கும் எண்கள் ஒரு தெருவுக்குள் மட்டும் செல்லுபடியாகும். அவற்றை எந்த வாயிலும் வெளியே விடாது. அவற்றுள் 169.254.169.254 என்னும் எண்ணில் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய மூன்றும் ஒரு தகவல் நிலையம் வைத்துள்ளன. “நான் யார்? என் பெயர் என்ன? என்னுள் நுழையும் உரிமை எவருடைய சாவிக்கு உண்டு? நான் முதலில் செய்ய வேண்டிய பணி யாது?” என்று கணினி அங்கே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பல கணினிகளில் இக்கேள்விகளைக் கேட்டு விடைகளின்படி நடப்பது ‘கிளவுட்-இனிட்’ என்னும் மென்பொருள்.

சௌகரியம் உள்ள இடத்தில் அபாயமும் உண்டு. அத்தகவல் நிலையம், கணினி மற்றப் பண்டகசாலைகளைத் திறப்பதற்கான தற்காலிகச் சாவிகளையும் தருகிறது. கேட்பவர் உள்ளேயிருந்து கேட்டால் போதும். வேறு அத்தாட்சி அந்நாளில் வேண்டப்படவில்லை. அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் வெளியிலிருந்த ஒருவர், தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு காவல் கணினியைக் கொண்டே அந்நிலையத்தைக் கேட்கச் செய்து, சாவியைப் பெற்றுவிட்டார். 2019-ஆம் ஆண்டு ஜூலையில் வங்கி இதை வெளியிட்டது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருடைய விவரங்களும், கானடாவில் சுமார் 60 லட்சம் பேருடைய விவரங்களும் வெளிப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் அமேசான், முதலில் ஓர் அடையாள வில்லையைப் பெற்றுக்கொண்டு பின்னரே கேட்க வேண்டும் என்ற புதிய முறையைக் கொணர்ந்தது. வாயில்காப்போனிடம் எவர் வந்து கேட்டாலும் சாவியைக் கொடுத்துவிடாதே என்று சொல்லிவைப்பது போன்றது இது.

தானே இயங்கும் ஏற்பாடு தடைப்பட்டால் விளைவது யாது என்பதை 2025-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் உலகம் கண்டது. அன்று அக்டோபர் 20-ஆம் தேதி. இந்திய நேரப்படி நண்பகல் 12 மணி 18 நிமிடத்தில், அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் உள்ள அமேசான் நிலையங்களில் கோளாறு தொடங்கியது. ‘டைனமோ டி.பி.’ என்னும் தரவுக் களஞ்சியத்தின் விலாசத்தைப் பெயர்ப்பதிவேட்டில் தாமாகவே எழுதும் இரண்டு மென்பொருள்கள் ஒன்றையொன்று முந்தியதில், அப்பெயருக்கு நேரே விலாசமே இல்லாமற் போயிற்று. களஞ்சியம் நன்றாகவே இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று சொல்வார் இல்லை. பிற்பகல் 2 மணி 55 நிமிடத்திற்குள் பொறியாளர் அப்பதிவைச் சரிசெய்தனர்.

ஆயினும் துன்பம் அத்துடன் தீரவில்லை. மெய்நிகர் கணினிகளைப் பிறப்பிக்கும் அமைப்பு, ஒவ்வொரு பெருங்கணினியோடும் குத்தகை போன்ற ஓர் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அதனைப் புதுப்பித்தபடி இருக்கும். இது நாம் மேலே கண்ட விலாசக் குத்தகை அன்று. ஆனால் தத்துவம் அதுவே. களஞ்சியத்தை எட்ட முடியாத நேரத்தில் அவ்வொப்பந்தங்கள் கெடு தாண்டி முறிந்தன. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் புதுப்பிக்க முயன்றபோது, வரிசை நீண்டு, முறை வருமுன்பே மீண்டும் கெடு கடந்தது. மாலை 5 மணி 58 நிமிடத்தில்தான் எல்லா ஒப்பந்தங்களும் மீண்டும் ஏற்பட்டன. அதன்பின் கணினிகள் பிறந்தன. பிறந்தும் பேச முடியவில்லை. எந்தக் கணினி எந்த விலாசத்தில் உள்ளது என்ற செய்தியை வலை முழுவதும் பரப்பும் அமைப்பில் வேலை குவிந்து கிடந்தது. விலாசம் ஒதுக்கப்பட்டும் ஊரார் அதை அறியாத நிலை! இரவு 11 மணி 6 நிமிடத்திற்குத்தான் அப்பரப்புதல் வழக்கமான வேகத்திற்கு வந்தது. மறுநாள் அதிகாலை 2 மணி 20 நிமிடத்திற்கு மெய்நிகர் கணினிகளைப் பிறப்பிக்கும் பணி முழுவதும் சீராயிற்று. இதற்கிடையே சிக்னல், ஸ்நாப்சாட் முதலிய சேவைகள் பல நாடுகளில் தடைப்பட்டன. வெளியூர்களில் இருந்துகொண்டு பெற்றோர்க்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்ல அச்சேவைகளை நம்பியிருந்தோர் இதன் சுவடு அறிவர்.

அந்நாளில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. கோளாறு தொடங்குவதற்கு முன்பே பிறந்து, விலாசம் பெற்று இயங்கிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகள் நலமாகவே இருந்தன. துன்புற்றவை புதிதாகப் பிறந்தவை. எனவே, நெருக்கடி நேரத்தில் ஓடும் இயந்திரங்களை அணைத்துவிட்டுப் புதியன தொடங்கினால் சரியாகிவிடும் என்று விரைதல் கூடாது. இருப்பவற்றைக் காத்துக்கொண்டு பொறுத்திருப்பதே அவ்வேளையில் அறிவுடைமை.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு உரிய கதை என்று எண்ணற்க. நம் வீட்டுச் சுவரில் மாட்டியுள்ள சிறு இணையப் பெட்டியும் இதே நான்கு வாக்கியங்களைப் பேசியே கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் விலாசம் வழங்குகிறது. அந்த விலாசம் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இணையம் வேலை செய்யாதபோது கணினியில் இணைப்பின் விவரத்தைப் பார்த்து, அங்கே 169.254 என்று தொடங்கும் எண் இருக்குமாயின் பொருள் இதுதான்: கணினி கேட்டது, விடை சொல்வார் இல்லை, ஆதலின் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அப்போது இணைய நிறுவனத்தைக் குறை கூறுவதற்கு முன், பெட்டிக்கும் கணினிக்கும் இடையே உள்ள இணைப்பைப் பார்த்து, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுதல் தகும். மாறாக, விலாசம் 192.168 என்றே இருந்தும் பக்கங்கள் திறக்கவில்லையாயின், விலாசம் வழங்கும் வேலை நடந்துவிட்டது. குறை பெரும்பாலும் வாயிலுக்கு அப்பால் அல்லது பெயர்ப்பதிவு நிலையத்தில் என்று ஊகிக்கலாம். நோய் எங்கே என்று அறிந்து சொல்பவர்க்கு மருந்தும் விரைவில் கிடைக்கும்.

தானாக நடப்பது என்று நாம் சொல்லும் யாவும், உண்மையில் முன்னரே ஒருவர் எண்ணி எழுதிவைத்தபடி நடப்பனவே. எத்தனை இயந்திரங்கள் வரும், எத்தனை விலாசங்கள் வேண்டும், வாயில் எது, பெயர் சொல்லும் நிலையம் எது, அது பேசாதபோது செய்வது என்ன என்று முன்னாலேயே சிந்தித்தவர் கட்டிய வலையில் இயந்திரம் கேட்டவுடன் விடை வருகிறது. இத்துறையில் புகும் நம் இளைஞர்கள் பொத்தானை அழுத்தக் கற்பதோடு நில்லாமல், அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நடைபெறும் இச்சிறு உரையாடலையும் கற்றுக்கொள்வார்களாக. அவர்கள் கட்டும் வலை, தீபாவளிக் கூட்டத்தையும் தாங்கி நிற்கும்.